ஒரே கூரையின் கீழ் இரண்டு தொழில்கள்: செயின்ட் லூயிஸ் மாநாட்டு மையமும் அதன் விளையாட்டரங்கமும்

"ராம்ஸ் அணி செயின்ட் லூயிஸில் இருந்த தன் அரங்கத்தைக் கைவிட்டுவிட்டு லாஸ் ஏஞ்சலஸுக்குப் போய்விட்டது." 2016-இல் நடந்ததை அமெரிக்க விளையாட்டுச் செய்திகளைப் படிப்பவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் ஒரே வரியில் சொல்வார்கள். இந்த ஒரு வரியில் பெரிய பிழை ஒன்று இருக்கிறது. அந்த அரங்கம் ராம்ஸ் என்ற கால்பந்து அணிக்குச் சொந்தமாக ஒருநாளும் இருந்ததில்லை. அதைப் பொதுப்பணத்தில் கட்டினார்கள். அதற்கு உரிமையாளர் ஓர் அரசு ஆணையம், அதை நடத்துவது இன்னொரு பொது அமைப்பு, அணியோ அங்கே வாடகைக்கு இருந்தது. அது தனியாக நின்ற அரங்கமும் அல்ல. நகர நடுவில் உள்ள மாநாட்டு மையத்தோடு ஒட்டிக் கட்டப்பட்ட அதன் ஒரு பகுதி.

கட்டியவர், உடையவர், நடத்துபவர், குடியிருந்தவர் என்ற நான்கு தரப்பையும் பிரித்துப் பார்க்காமல் பேசுவதால், "அரங்கம் வந்தால் ஊர் செழிக்கும்" என்று ஒரு சாராரும், "ஊரை ஏமாற்றிவிட்டார்கள்" என்று மற்றொரு சாராரும் முடித்துவிடுகிறார்கள். உண்மையில் நடந்ததைப் புரிந்துகொள்ளக் கட்டடக்கலையும் தேவையில்லை, கால்பந்து விதிகளும் தேவையில்லை. ஒரு வாடகை ஒப்பந்தத்தைப் பொறுமையாகப் படிக்கத் தெரிந்தால் போதும். (இந்தக் கட்டுரையில் கால்பந்து என்பது, பந்தைக் கையில் ஏந்திக்கொண்டு ஓடும் அமெரிக்கக் கால்பந்தைக் குறிக்கும்.)

கல்யாண மண்டபத்திலிருந்து தொடங்குவோம்

மாநாட்டு மையம் என்பது மிகப் பெரிய கல்யாண மண்டபம் போன்றது. மண்டபத்தில் சமையற்கூடம், பந்தி பரிமாறும் கூடம், மேடை, வந்தவர்கள் தங்கும் அறைகள் என்று பகுதிகள் இருப்பதுபோல, இங்கே கண்காட்சிக் கூடங்கள், கூட்ட அறைகள், விருந்துக் கூடம், சிறு திரையரங்கு ஆகியவை இருக்கும். மருத்துவர் சங்கம், ஆசிரியர் சங்கம், இயந்திர விற்பனையாளர்கள் போன்றவர்கள் ஆண்டுக்கு ஒரு முறை கூடும்போது, ஆயிரக்கணக்கானோர் மூன்று நான்கு நாட்களுக்கு வெளியூர்களிலிருந்து வந்து தங்குவார்கள்.

இங்கே புதியவர்கள் தவறவிடும் செய்தி ஒன்று உண்டு. மண்டப உரிமையாளர் வாடகையில் லாபம் பார்க்கிறார். மாநாட்டு மையமோ பெரும்பாலும் கூடத்தின் வாடகையில் லாபம் பார்ப்பதில்லை, பார்க்க வேண்டும் என்று கட்டப்படுவதும் இல்லை. கோயில் திருவிழாவை நினைத்துப் பாருங்கள். திருவிழாவினால் தேரோடும் வீதியில் வளையல் கடைக்காரருக்கும் சாப்பாட்டுக் கடைக்காரருக்கும் வியாபாரம் நடக்கிறது. மாநாடும் அப்படித்தான்: வருமானம் கூடத்துக்குள் அல்ல, சுற்றியுள்ள விடுதிகளிலும் உணவகங்களிலும் விழுகிறது. நகராட்சி அதில் ஒரு பங்கை விடுதி வரியாக, அதாவது வெளியூர்க்காரர் தங்கும் அறைக் கட்டணத்தின்மேல் போடும் வரியாக, எடுத்துக்கொள்கிறது. அதனால்தான் மாநாடுகளை விரும்பும் நகரங்கள் கூடத்தைக் குறைந்த வாடகைக்கு விடவும் தயங்குவதில்லை.

ஊர் சுருங்கியபோது நகர நடுவில் எழுந்த கட்டடம்

மிசூரி மாநிலத்தின் கிழக்கு ஓரத்தில், மிசிசிப்பி ஆற்றங்கரையில் இருக்கிறது செயின்ட் லூயிஸ். 1950-இல் அந்நகரின் மக்கள்தொகை 8,56,796; 2020-இல் அது 3,01,578. இந்த எழுபது ஆண்டுச் சரிவை மனத்தில் வைத்துக்கொள்ளாவிட்டால், பிறகு எடுத்த முடிவுகள் எல்லாம் அறிவீனமாகத் தோன்றும். மக்கள் புறநகர்களுக்குக் குடிபெயரப் பெயர, நகரின் நடுப்பகுதியில் கடைகளும் அலுவலகங்களும் ஓய்ந்தன. வெளியூர்க்காரர்களையாவது அங்கே வரவழைக்க வேண்டும் என்ற எண்ணத்தில் எழுந்ததே 1977-இல் திறக்கப்பட்ட செர்வான்டெஸ் மாநாட்டு மையம். முன்னாள் மேயர் அல்ஃபோன்சோ செர்வான்டெஸின் பெயர் அதற்கு வைக்கப்பட்டது. 1993-இல் அது விரிவாக்கப்பட்டு, அமெரிக்காஸ் சென்டர் என்ற இன்றைய பெயரைப் பெற்றது.

இங்கே ஊரின் எல்லை பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். செயின்ட் லூயிஸ் நகரமும் செயின்ட் லூயிஸ் கவுன்டியும் (கவுன்டி என்பது நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) வேறு வேறு. 1876-இல் நகரம் கவுன்டியிலிருந்து பிரிந்து தனி நிர்வாகமாயிற்று. நகரை விட்டுப் புறநகருக்குப் போனவர்களில் பெரும்பாலோர் கவுன்டிக்குப் போனார்கள். அவர்களுடைய வரியும் அங்கே போயிற்று. ஆகவே நகரம் தனியாகப் பெரிய கட்டடம் ஒன்றைக் கட்ட இயலாத நிலை. இந்தப் பழைய பிரிவினைதான் அரங்கத்தின் செலவை மாநிலம், நகரம், கவுன்டி என்ற மூன்று அரசுகள் பங்கிட்டுக்கொண்டதற்குக் காரணம்.

அணி ஊருக்குச் சொந்தமா?

அமெரிக்காவின் தேசிய கால்பந்து லீகில் இன்று 32 அணிகள் இருக்கின்றன. லீக் என்பது அணி உரிமையாளர்கள் சேர்ந்து நடத்தும் கூட்டமைப்பு. எத்தனை அணிகள் இருக்க வேண்டும், எந்த ஊரில் இருக்க வேண்டும் என்பதை அவர்களே வாக்களித்து முடிவு செய்கிறார்கள். அணியின் பெயருக்கு முன்னால் ஊரின் பெயர் நிற்பதால் ஊருக்கு அதில் உரிமை இருப்பதாகத் தோன்றும். ஆனால் கிரீன் பே என்ற சிறு நகரத்தின் அணியைத் தவிர, மற்றவை எல்லாம் தனியாருடைய சொத்து.

அணிகளின் எண்ணிக்கையைவிட, அணி வேண்டும் என்று கேட்கும் ஊர்களின் எண்ணிக்கை எப்போதும் அதிகம். வாடகை வீடுகள் நிறையக் கிடக்க, குடிவர ஆள் குறைவாக இருந்தால் என்ன நடக்கும்? வீட்டுக்காரர் வெள்ளையடித்து, குழாயை மாற்றி, வாடகையைக் குறைத்து, வாருங்கள் வாருங்கள் என்று அழைப்பார். இங்கே வீட்டுக்காரர் நகரம், குடித்தனக்காரர் அணி. வழக்கமாக வீட்டுக்காரரிடம் இருக்கும் பலம், இந்த உறவில் குடித்தனக்காரரிடம் இருக்கிறது. இதைப் புரிந்துகொண்டவருக்கு மற்றவை எளிதாகும்.

செயின்ட் லூயிஸ் இதை முதலில் அனுபவித்தது 1988-இல். 1960-இல் சிகாகோவிலிருந்து வந்த கார்டினல்ஸ் கால்பந்து அணி, பேஸ்பால் அணியோடு பகிர்ந்துகொண்ட புஷ் ஸ்டேடியம் போதாது என்று சொல்லி, 1987 பருவம் முடிந்ததும் அரிசோனாவுக்குப் போய்விட்டது. (அதே பெயருடைய பேஸ்பால் அணி இன்றும் செயின்ட் லூயிஸில்தான் இருக்கிறது. இரண்டையும் ஒன்றாக எண்ணிக் குழம்புவோர் பலர்.)

இதுவரை பார்த்தவற்றில் இரண்டை மட்டும் நினைவில் வைத்தால் போதும். மாநாட்டு மையம் வெளியூர்க்காரர்களை வரவழைக்கும் கருவி. அதன் பலன் விடுதிகளின் வழியாக வருகிறது. அணி தனியார் சொத்து. அது இடம் மாறக்கூடியது, ஊர் இடம் மாற முடியாதது.

பணம் எங்கிருந்து வந்தது?

கார்டினல்ஸ் போன பிறகு, மாநாட்டு மையத்தை விரிவாக்கும் திட்டத்தோடு கூரை வேய்ந்த ஓர் அரங்கத்தையும் சேர்த்தால் இரண்டு வேலையும் ஒன்றாக முடியும் என்று ஊர்ப் பெரியவர்கள் எண்ணினார்கள். மாதத்தில் சில நாள் ஆட்டம், மற்ற நாட்களில் கண்காட்சி. இந்த எண்ணம் அவர்கள் கண்டுபிடித்ததல்ல. இண்டியானாபொலிஸ் நகரம் தன் மாநாட்டு மையத்தோடு ஒட்டிக் கட்டிய ஹூஸியர் டோம் என்ற கூரை வேய்ந்த அரங்கம் 1984-இல் திறந்தது. பால்டிமோரிலிருந்து கோல்ட்ஸ் அணி அதே ஆண்டு அங்கே குடிபெயர்ந்தது. கட்டி வைத்தால் அணி வரும் என்பதற்கு அது கண்முன் நின்ற சான்று.

மிசூரி சட்டமன்றம் ஒரு தனி அமைப்பை உருவாக்கியது: செயின்ட் லூயிஸ் வட்டார மாநாடு மற்றும் விளையாட்டு வளாக ஆணையம். இனி அதை வளாக ஆணையம் என்று குறிப்பிடுவோம். அரங்கத்தின் உரிமை இதனிடம் இருக்கிறது. அன்றாடம் அதைத் திறந்து மூடி, வாடகைக்கு விட்டு, நடத்துவது பார்வையாளர் ஆணையம் என்று சுருக்கமாக நாம் அழைக்கக்கூடிய மற்றொரு பொது அமைப்பு. மாநாட்டு மையத்தையும் நடத்துவது அதுவே.

வளாக ஆணையத்திடம் சொந்தப் பணம் இல்லை. ஆகவே கடன் பத்திரம் வெளியிட்டது. கடன் பத்திரம் என்பது, "இன்று பணம் தாருங்கள், வட்டியோடு இத்தனை ஆண்டுகளில் திருப்பித் தருகிறோம்" என்று பொது அமைப்பு எழுதிக் கொடுக்கும் உறுதிச்சீட்டு. வீட்டுக் கடனை நினைத்துக்கொள்ளுங்கள். வங்கிக்குப் பதிலாக முதலீட்டாளர்கள் கடன் தருகிறார்கள் என்பதே வேறுபாடு. தவணை கட்டுபவர் யார்? மிசூரி மாநிலம் ஆண்டுக்கு 1.2 கோடி டாலர், நகரம் 60 லட்சம், கவுன்டி 60 லட்சம். ஆகமொத்தம் ஆண்டுக்கு 2.4 கோடி டாலர். இதில் 2 கோடி கடனுக்கு, மீதி 40 லட்சம் கட்டடத்தின் பராமரிப்புக்கு. இப்படி முப்பது ஆண்டுகள்.

இதைப் பெருக்கிப் பார்த்தால் 72 கோடி டாலர் வருகிறது. கட்டுமானச் செலவு ஏறத்தாழ 28 கோடி. இந்த இரண்டு எண்களையும் அடுத்தடுத்து வைத்து "இவ்வளவு கொள்ளையா?" என்று கேட்பவர்கள் உண்டு. அது நியாயமான கேள்வி அல்ல. முப்பது ஆண்டு வீட்டுக் கடன் கட்டியவர் யாராக இருந்தாலும், வட்டியோடு சேர்ந்த தொகை வீட்டின் விலையைவிட இரண்டு மடங்குக்கும் மேலாவதை அறிவார். கேட்க வேண்டிய கேள்வி வேறு: தவணை முடியும் வரை வீட்டில் குடியிருப்பவர் இருப்பார் என்பதற்கு என்ன உறுதி?

ஏன் அணியே பணம் போட்டுக் கட்டிக்கொள்ளக் கூடாது என்று சிலர் கேட்பதுண்டு. இதற்கு ஒரு பகுதி விடை 1986-ஆம் ஆண்டின் கூட்டாட்சி வரிச் சட்டத்தில் இருக்கிறது. பொது அமைப்புகள் வெளியிடும் பத்திரங்களின் வட்டிக்கு வருமான வரி இல்லை. அதனால் குறைந்த வட்டிக்குக் கடன் கிடைக்கும். தனியார் பயன்படுத்தும் அரங்கத்துக்கு இந்தச் சலுகை வேண்டுமானால், கடன் தவணையில் 10 விழுக்காட்டுக்கு மேல் அரங்கத்தின் தனியார் வருமானத்திலிருந்து கட்டக்கூடாது என்று அந்தச் சட்டம் வரம்பு வைத்தது. அரங்கங்களுக்குப் பொதுச் சலுகை போகாமல் தடுக்கவே அந்த வரம்பு. நடந்ததோ நேர் எதிர்: சலுகையை இழக்க விரும்பாத நகரங்கள், வாடகையைக் குறைத்து, தவணையைப் பொது வரியிலிருந்தே கட்டும்படி திட்டம் வகுத்தன. ஒரு நல்ல நோக்கம் எதிர்மாறாக விளைந்ததற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு அரிது என்பது என் கருத்து.

காலியாக எழுந்த கட்டடம்

கட்டுமானம் தொடங்கியபோது குடிவர எந்த அணியும் ஒப்பந்தம் செய்திருக்கவில்லை. 1993-இல் லீக் இரண்டு புதிய அணிகளுக்கு ஊர் தேடியபோது, செயின்ட் லூயிஸுக்கு ஒன்று நிச்சயம் என்று பலரும் நம்பினர். ஒன்று சார்லட் நகரத்துக்கும் மற்றொன்று ஜாக்சன்வில் நகரத்துக்கும் போயிற்று. தூண்கள் எழுந்துகொண்டிருக்க, கடன் தவணை ஓடத் தொடங்கியிருக்க, கட்டடத்துக்கு அணி இல்லை.

அந்த நேரத்தில் ஊரின் பேரம் பேசும் நிலையைக் கற்பனை செய்து பாருங்கள். வீட்டைக் கட்டி முடித்து, கடனும் ஏறிக்கொண்டிருக்கும் வீட்டுக்காரரிடம் குடித்தனக்காரர் எதைக் கேட்டாலும் கிடைக்கும். கலிஃபோர்னியாவின் அனஹைமில் ஆடிவந்த லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் அணியின் உரிமையாளர் ஜார்ஜியா ஃப்ரான்டியர் அப்போது வேறு ஊர் தேடிக்கொண்டிருந்தார். பேச்சு முடிந்தது. 1995 மார்ச்சில் மற்ற உரிமையாளர்கள் இந்த இடமாற்றத்தை மறுத்தனர், ஏப்ரலில் ஒப்புக்கொண்டனர்.

இடம்பெயரும் செலவுக்கும் அணி அனஹைமில் விட்டுவந்த கடனுக்கும் பணம் திரட்ட, இருக்கை உரிமம் விற்கப்பட்டது. இருக்கை உரிமம் என்பது நுழைவுச்சீட்டு அல்ல. ஆண்டுதோறும் ஒரு குறிப்பிட்ட இருக்கைக்கு நுழைவுச்சீட்டு வாங்கும் உரிமைக்காக ரசிகர் முன்கூட்டிக் கட்டும் தொகை. சொகுசு அறைகள், உணவு விற்பனை ஆகியவற்றின் வருமானத்தில் பெரும்பகுதி அணிக்குப் போகும்படி ஒப்பந்தம் எழுதப்பட்டது. 1995 நவம்பர் 12 அன்று கரோலைனா பேந்தர்ஸ் அணியை எதிர்த்து ராம்ஸ் புதிய அரங்கில் முதல் ஆட்டத்தை ஆடி வென்றது. ஊரைத் தலைமையிடமாகக் கொண்ட விமான நிறுவனத்தின் பெயரால் அது டிரான்ஸ் வேர்ல்ட் டோம் ஆயிற்று. 2002 முதல் 2016 வரை எட்வர்ட் ஜோன்ஸ் டோம் என்றும், அதன் பிறகு டோம் அட் அமெரிக்காஸ் சென்டர் என்றும் பெயர் மாறியது.

ஒரே தரையில் இரண்டு வேலை எப்படி நடக்கிறது?

அரங்கம் மாநாட்டு மையத்தின் கிழக்குப் பக்கம் ஒட்டி நிற்கிறது. ஏறத்தாழ 67,000 பேர் அமரலாம். நடுவில் தூண் இல்லாத பரந்த தளம். செயற்கைப் புல்தரையைச் சுருட்டி எடுத்துவிட்டால் அது கண்காட்சிக் கூடமாகிவிடும். பக்கத்துக் கூடங்களோடு அதைச் சேர்த்தால், வளாகத்தில் 5 லட்சம் சதுர அடிக் கண்காட்சிப் பரப்பு கிடைக்கிறது.

இந்த இணைப்பு எவ்வளவு பெரிய கூட்டத்தைத் தாங்கும் என்பது 1999 ஜனவரி 27 அன்று தெரிந்தது. போப் இரண்டாம் ஜான் பால் அங்கே திருப்பலி நிறைவேற்றியபோது, அரங்கத்திலும் ஒட்டியுள்ள மாநாட்டுக் கூடங்களிலுமாக ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் கூடினர். அரங்கம் தனியாகவோ, மாநாட்டு மையம் தனியாகவோ இருந்திருந்தால் அது நடந்திருக்காது. அடுத்த ஆண்டு ஜனவரியில் ராம்ஸ், லீகின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலை வென்றது. ஊரே கொண்டாடிய அந்தப் பருவத்தைப் பற்றி ஏராளமாக எழுதியாகிவிட்டது, நாம் கடந்து செல்லலாம்.

ஆனால் இரண்டு தொழிலும் ஒரே கூரையின் கீழ் இணக்கமாக வாழ்ந்தன என்று சொல்ல முடியாது. சிக்கல் தளத்தில் இல்லை, நாட்காட்டியில் இருந்தது. பெரிய சங்கங்கள் தங்கள் மாநாட்டுக்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே இடம் பிடிக்கின்றன. ஐப்பசி முகூர்த்தத்துக்குச் சித்திரையிலேயே மண்டபம் பேசுவதை இன்னும் பல மடங்கு நீட்டிப் பாருங்கள். கால்பந்து லீக் தன் அட்டவணையை அந்த ஆண்டின் இளவேனிலில்தான் வெளியிடும். செப்டம்பர் முதல் டிசம்பர் வரை எந்த ஞாயிறு சொந்த ஊரில் ஆட்டம், எந்த ஞாயிறு வெளியூரில் என்று அதுவரை தெரியாது. ஆகவே ஆடப்போகும் எட்டுப் பத்து ஆட்டங்களுக்காக, இலையுதிர்காலத்தின் எல்லா வார இறுதிகளையும் பூட்டி வைக்க வேண்டியிருந்தது. அமெரிக்காவில் மாநாடுகளுக்குச் சிறந்த பருவங்களில் இலையுதிர்காலமும் ஒன்று. ஆட்டம் நடந்த நாளில் ஊருக்கு வந்த வருமானத்தை எண்ணியவர்கள், ஆட்டம் நடக்கக்கூடும் என்று விட்டுவிட்ட நாட்களின் இழப்பை எண்ணவில்லை.

ஆட்ட நாள் வருமானத்திலும் ஒரு மயக்கம் உண்டு. ஊரில் குடியிருப்பவர் ஞாயிற்றுக்கிழமை அரங்கத்தில் நூறு டாலர் செலவிட்டால், அது பெரும்பாலும் அவர் வேறோர் இடத்தில், உணவகத்திலோ திரையரங்கிலோ, செலவிட்டிருக்கக்கூடிய அதே நூறு டாலர்தான். அரங்கங்களின் பொருளாதாரத்தை ஆராய்ந்தவர்களில் மிகப் பெரும்பாலோர், அவற்றுக்குப் போன பொதுப்பணம் திரும்பி வருவதில்லை என்று கூறுவதற்கு இதுவே முதன்மையான காரணம். வெளியூரிலிருந்து மூன்று நாள் தங்க வரும் மாநாட்டுக்காரர் கொண்டுவருவது ஊருக்குப் புதிய பணம். விளம்பரத்தில் அரங்கம் முன்னே நின்றாலும், கணக்கில் மாநாட்டுக் கூடம்தான் முன்னே நிற்கிறது.

சுருங்கச் சொன்னால், கட்டடம் பொதுவுடைமை, கடன் மூன்று அரசுகளின் தலையில், வருமானத்தின் பெரும்பகுதி குடித்தனக்காரருக்கு. இவையெல்லாம் முப்பது ஆண்டுகள் அணி அங்கேயே இருந்தால் ஓரளவு தாங்கக்கூடியவை. அணியை முப்பது ஆண்டும் கட்டிப்போட வேண்டிய ஒப்பந்தத்தில் ஒரு கதவு திறந்திருந்தது.

"முதல் தரம்" என்ற சொல்

குத்தகை ஒப்பந்தம் முப்பது ஆண்டுகளுக்கு, ஏறத்தாழ 2025 வரை. ஆனால் 2005-இலும் 2015-இலும் அரங்கம் "முதல் தரம்" வாய்ந்ததாக இருக்க வேண்டும் என்று அதில் ஒரு விதி இருந்தது. முதல் தரம் என்றால், லீகில் உள்ள எல்லா அரங்கங்களையும் ஒப்பிட்டு வரிசைப்படுத்தினால் மேலே உள்ள கால்பங்குக்குள் இருப்பது. 32 அணிகள் என்றால், முதல் எட்டுக்குள். இல்லாவிட்டால் நீண்டகாலக் குத்தகை ஆண்டுக்காண்டு புதுப்பிக்கும் குத்தகையாக மாறிவிடும். அணி விரும்பியபோது வெளியேறலாம்.

இந்த விதியின் ஆபத்தை உணர ஒரு பள்ளிக்கூட உதாரணம் உதவும். "நூற்றுக்கு எண்பது வாங்கினால் பரிசு" என்பது ஒரு வகை நிபந்தனை. பிள்ளை உழைத்து எண்பது வாங்கிவிடலாம். மற்றவர்கள் எவ்வளவு வாங்கினார்கள் என்பது பொருட்டல்ல. "வகுப்பில் முதல் எட்டுப் பேருக்குள் வந்தால் பரிசு" என்பது வேறு வகை. பிள்ளை தொண்ணூறு வாங்கினாலும், மற்ற எட்டுப் பேர் தொண்ணூற்றைந்து வாங்கிவிட்டால் பரிசு இல்லை. செயின்ட் லூயிஸ் கையெழுத்திட்டது இரண்டாம் வகை நிபந்தனையில். அதன் அரங்கம் 1995-இல் புதியது. அதற்கடுத்த இருபது ஆண்டுகளில் டல்லஸ், இண்டியானாபொலிஸ், ஹூஸ்டன், சியாட்டில், ஃபிலடெல்ஃபியா என்று நகரம் நகரமாகப் புதிய அரங்கங்கள் எழுந்தன. செயின்ட் லூயிஸின் கட்டடத்தில் ஒரு விரிசல்கூட விழாமலே, அது வரிசையில் கீழே இறங்கியது. மற்ற ஊர்க்காரர்கள் செய்யும் செலவு இந்த ஊரின் ஒப்பந்தத்தை முறிக்க வல்லதாயிற்று.

2005-ஆம் ஆண்டு நிபந்தனையை அணி விட்டுக்கொடுத்தது. அதற்கு ஈடாக ஏறத்தாழ 3 கோடி டாலர் செலவில் மேம்பாடுகள் செய்யப்பட்டன. 2010-இல் ஸ்டான் க்ரோன்கி அணியின் முழு உரிமையாளரானார். 2015 நெருங்கியது.

பார்வையாளர் ஆணையம் 2012-இல் 12.4 கோடி டாலரில் ஒரு மேம்பாட்டுத் திட்டத்தை முன்வைத்தது. அதிலும் பாதிக்கு மேல் அணியே தர வேண்டும் என்றது. அணி முன்வைத்த மாற்றுத் திட்டத்தின் செலவு ஏறத்தாழ 70 கோடி டாலர் என்று மதிப்பிடப்பட்டது. இரு தரப்பும் ஒத்துவராததால் விவகாரம் நடுவர் குழுவுக்குப் போயிற்று. நடுவர் குழு என்பது, நீதிமன்றத்துக்கு வெளியே, இரு தரப்பும் முன்கூட்டியே ஒப்புக்கொண்டபடி தீர்ப்புச் சொல்லும் குழு; நம் ஊர்ப் பஞ்சாயத்தின் சட்டபூர்வ வடிவம் என்று கொள்ளலாம். 2013 பிப்ரவரியில் மூவர் கொண்ட அந்தக் குழு, அரங்கத்தை முதல் தரத்துக்கு உயர்த்த அணியின் திட்டமே பொருந்தும் என்று முடிவு சொன்னது.

இந்த முடிவு பொதுத்தரப்பைக் கட்டாயப்படுத்தவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். 70 கோடி செலவழியுங்கள் என்று உத்தரவு இல்லை. செலவழிக்காவிட்டால் கதவு திறக்கும், அவ்வளவுதான். அதே ஆண்டு ஜூலையில், அந்தச் செலவைச் செய்ய இயலாது என்று பொதுத்தரப்பு அறிவித்தது. முதலில் கட்டிய செலவைப் போல இரண்டரை மடங்கு கேட்டபோது மறுத்தது சரியான முடிவு என்றே நான் நினைக்கிறேன். தவறு 2013-இல் நடக்கவில்லை. அணி இல்லாத கட்டடத்தை வைத்துக்கொண்டு 1995-இல் பேரம் பேசியபோது நடந்தது.

வெளியேற்றமும் வழக்கும்

2014 தொடக்கத்தில், லாஸ் ஏஞ்சலஸ் அருகே இங்கிள்வுட்டில் க்ரோன்கி 60 ஏக்கர் நிலம் வாங்கினார் என்ற செய்தி வந்தது. 1995-இல் ராம்ஸும் ரெய்டர்ஸும் வெளியேறிய பிறகு அந்த மாநகரில் கால்பந்து அணியே இல்லாமல் இருந்தது. காலியாக இருந்த அந்தச் சந்தையின் பெயரைச் சொல்லியே பல அணிகள் தத்தம் ஊர்களிடம் பேரம் பேசி வந்தன. செயின்ட் லூயிஸ் ஆற்றங்கரையில் புதிய திறந்தவெளி அரங்கம் கட்ட ஒரு திட்டம் தயாரித்தது. பழைய அரங்கத்தின் கடன் இன்னும் தீராத நிலையில் அது. 2016 ஜனவரி 12 அன்று ஹூஸ்டனில் கூடிய அணி உரிமையாளர்கள், 30-க்கு 2 என்ற வாக்கில் ராம்ஸின் இடமாற்றத்தை ஒப்புக்கொண்டனர்.

அணி போன பிறகும் தவணை நிற்கவில்லை. பத்திரம் வாங்கியவருக்கு அரங்கத்தில் யார் ஆடுகிறார்கள் என்பது பற்றிக் கவலை இல்லை. மாநிலமும் நகரமும் கவுன்டியும் கட்டிக்கொண்டே வந்தன. கடன் 2021-22 வாக்கில்தான் தீர்ந்தது.

2017-இல் நகரமும் கவுன்டியும் வளாக ஆணையமும் லீகின்மீதும் அணிகளின்மீதும் வழக்குத் தொடுத்தன. பலர் நினைப்பதுபோல, "ஒப்பந்தத்தை முறித்தீர்கள்" என்பது அதன் வாதமல்ல. ஒப்பந்தப்படி அணி வெளியேற உரிமை பெற்றிருந்தது. லீகிடம் இடமாற்றம் பற்றி ஒரு கொள்கை உண்டு. ஓர் அணி சொந்த ஊரோடு நேர்மையாகப் பேச்சு நடத்தி, வேறு வழியில்லை என்ற பிறகே இடம் மாற வேண்டும் என்பது அதன் சாரம். அந்தக் கொள்கையை நம்பித்தான் புதிய அரங்கத் திட்டத்துக்குச் செலவு செய்தோம், நீங்களோ முன்பே முடிவு செய்துவிட்டு எங்களைச் செலவு செய்ய விட்டீர்கள் என்பதுதான் ஊரின் வாதம். விசாரணை தொடங்கும் முன்பே, 2021 நவம்பரில், 79 கோடி டாலருக்குச் சமரசம் ஆயிற்று.

"79 கோடி வந்ததே, முப்பது ஆண்டு கட்டிய 72 கோடியும் திரும்பிவிட்டதே" என்று கணக்குப் போடுவது எளிது, ஆனால் தவறு. வழக்கறிஞர் கட்டணமாக மட்டும் 35 விழுக்காடு போயிற்று. மீதியில் நகரம் ஏறத்தாழ 25 கோடி, கவுன்டி 16.9 கோடி, வளாக ஆணையம் 7 கோடி என்று பங்கிட்டுக்கொண்டன. மாநாட்டு மையத்தின் விரிவாக்கத்துக்கு 3 கோடி தனியாக ஒதுக்கப்பட்டது. தவணையில் பாதியைக் கட்டிய மாநில அரசு வழக்கில் ஒரு தரப்பே அல்ல.

இப்போது அந்தக் கட்டடம்

அரங்கத்தை இடித்துவிட்டார்கள் என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள். இண்டியானாபொலிஸ் தன் பழைய டோமை 2008-இல் இடித்து, அந்த இடத்தில் மாநாட்டு மையத்தை விரிவாக்கியது. ராம்ஸ் சூப்பர் பவுல் வென்ற அட்லான்டாவின் ஜார்ஜியா டோமும் 2017-இல் இடிக்கப்பட்டது. செயின்ட் லூயிஸின் டோம் நிற்கிறது. இடிப்பதற்கும் பணம் வேண்டும் என்பது ஒருபுறமிருக்க, அதை இடித்தால் மாநாட்டு மையத்தின் மிகப் பெரிய கூடமும் சேர்ந்து போய்விடும்.

2020 முதல், இடையில் சில ஆண்டுகள் நீங்கலாக, பாட்டில்ஹாக்ஸ் என்ற அணி அங்கே வசந்தகாலத்தில் ஆடுகிறது. அது சிறிய லீக். ஆயினும் 2023-இல் ஊருக்குத் திரும்பிய முதல் ஆட்டத்துக்கே 38,000-க்கும் மேற்பட்டோர் வந்தனர். ராம்ஸ் விட்டுப்போன வெறுமை எத்தகையது என்பதற்கு அந்தக் கூட்டமே சாட்சி. இசை நிகழ்ச்சிகளும் மோட்டார் பந்தயக் காட்சிகளும் நடக்கின்றன. வளாக ஆணையத்தின் பங்காக வந்த பணம் கூரை, மின்னமைப்பு போன்ற பழுதுகளைப் பார்க்க உதவுகிறது. ஆண்டுக்கு 40 லட்சம் பராமரிப்புத் தொகை கடனோடு சேர்ந்து முடிந்துவிட்டதால், இனி அந்தச் செலவுக்கு நிலையான வழி காண வேண்டிய நிலை. முன்பு பூட்டிக் கிடந்த செப்டம்பர், அக்டோபர் வார இறுதிகளை, இப்போது மூன்று நான்கு ஆண்டுகளுக்கு முன்பே வந்து கேட்கும் சங்கங்களுக்குத் தயங்காமல் எழுதிக் கொடுக்கிறார்கள்.